ஒரு மரத்துப் பிளம்ஸ்

கொடைக்கானலிலோ குன்னூரிலோ வீட்டின் பின்புறத்தில் ஒரு பிளம்ஸ் மரத்தை வைத்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சித்திரை பிற்பகுதியில் ஒரு கவலை தொடங்குகிறது. அதுவரை யாரையும் ஒன்றும் கேட்காமல் நின்றுகொண்டிருந்த மரம், நாலைந்து வாரங்களுக்குள் முப்பது நாற்பது கிலோ பழத்தைக் கொடுத்துவிடுகிறது. வீட்டார் தின்றது போக, அண்டை அயலாருக்கு அனுப்பியது போக, விடுமுறைக்கு வந்த பேரக்குழந்தைகள் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு ஓடியது போக, மிஞ்சியதெல்லாம் மரத்தடியில் உதிர்ந்து, புளித்து, ஈ மொய்த்துக் கிடப்பதை வைகாசி மாதத்தில் அந்த ஊர்களில் பார்க்கலாம். இத்தனை அருமையான பதார்த்தம் இவ்விதம் பாழாவதைக் காண மனம் பொறுப்பதில்லை. எல்லாம் நன்றாகப் பழுக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதே இந்த நஷ்டத்துக்கு முதற்காரணம் என்பது என் துணிபு. பிளம்ஸ் மரத்தின் ஸ்வபாவமே, ஒரு கிளையில் காயும், அடுத்ததில் செங்காயும், உச்சியில் கனியுமாக ஒரே நாளில் மூன்று பருவத்தையும் தாங்கி நிற்பதுதான். அந்த மூன்றுக்கும் தனித்தனியே பிரயோஜனம் உண்டு என்பதையும், ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது என்பதையும் தெரிந்துகொண்டுவிட்டால், ஒரு மரத்துப் பழம் ஒரு குடும்பத்துக்கு அடுத்த சித்திரை வரை வரும்.

பிளம்ஸ் ரோஜாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. பீச்சும் ஆப்ரிகாட்டும் பாதாமும் இதற்கு நெருங்கிய பந்துக்கள். உலகில் பயிராகும் இனங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று ஐரோப்பாவில் பழக்கமான புரூனஸ் டொமஸ்டிகா; நாட்டு மருந்துக் கடையில் ஆல்பக்கோடா என்று கேட்டால் கொடுக்கிறார்களே, அத்தகைய சுருங்கிய உலர்பழத்துக்கு மேல்நாட்டார் பெரும்பாலும் பயன்படுத்துவது இந்த இனத்தையே. மற்றொன்று புரூனஸ் சாலிசினா. இதை ஜப்பானியப் பிளம்ஸ் என்று உலகம் அழைத்தாலும், பிறந்த தேசம் சீனம். 1885ல் லூதர் பர்பாங்க் என்ற அமெரிக்கத் தோட்டக்கலை நிபுணர் இந்த இனத்தின் நாற்றுகளை ஜப்பானிலிருந்து கலிபோர்னியாவுக்கு வரவழைத்து, வேறு இனங்களோடு கலந்து, பல புதிய ரகங்களை உண்டாக்கினார். அவற்றுள் 1906ல் வெளிவந்த சாண்டா ரோசா இன்றளவும் பெயர் பெற்று விளங்குகிறது. குளிர்காலத்தில் ஒரு குறிப்பிட்ட கால அளவு குளிரை அனுபவித்தாலொழிய இம்மரங்களின் மொட்டுகள் உறக்கம் கலைவதில்லை. டொமஸ்டிகாவுக்கு அந்தக் குளிர் மிக அதிகமாக வேண்டும். சாலிசினாவின் ரகங்கள் பல கொஞ்சத்தில் திருப்தியடைந்துவிடும். மார்கழி, தை இரவுகளில் மட்டும் குளிர்ந்து பகலில் வெயில் காயும் நம் மலைகளுக்கு இந்த இரண்டாவது இனம் பொருந்தி வந்ததற்குக் காரணம் இதுவே.

ஒரே மரத்தில் பழங்கள் முன்னும் பின்னுமாக ஏன் பக்குவமடைகின்றன என்பதற்கு விடை பூக்காலத்திலேயே இருக்கிறது. இலை துளிர்க்குமுன் மரம் முழுவதும் வெள்ளையாகப் பூக்கிறது. ஆனால் எல்லா மொட்டும் ஒரே நாளில் மலர்வதில்லை. உஷ்ணம் ஏறியிறங்கும் மலைப்பிரதேசத்தில் இந்த மலர்ச்சி வாரக்கணக்கில் நீண்டுபோவதும் உண்டு. அன்றியும், சாலிசினா ரகங்களில் பெரும்பாலானவை தம் சொந்த மகரந்தத்தை ஏற்பதில்லை. தன் மகரந்தம் சூலகத் தண்டில் இறங்கத் தொடங்கியதும், அந்தத் தண்டில் சுரக்கும் ஒரு நொதி அதன் வளர்ச்சியைப் பாதியில் நிறுத்திவிடுகிறது. தனிமரம் தோப்பாகாது என்பார்கள். இந்த ரகங்களில் தனிமரம் காய்ப்பதே அரிது. உங்கள் வீட்டு மரம் கொத்துக்கொத்தாகக் காய்க்கிறது என்றால், கூப்பிடு தூரத்தில் எங்கோ வேறொரு ரக மரம் அதே சமயத்தில் பூத்திருக்கிறது, தேனீக்கள் இரண்டுக்கும் இடையே போய்வந்திருக்கின்றன என்று அர்த்தம். மூடுபனியும் தூறலுமாக இருக்கும் நாட்களில் தேனீ வெளியே கிளம்புவதில்லை. ஆகவே வெயிலடித்த நாட்களில் மலர்ந்தவை மட்டும் பிஞ்சாகின்றன. அந்தப் பிஞ்சுகளின் வயதிலும் அப்போதே வித்தியாசம் ஏற்பட்டுவிடுகிறது.

பிஞ்சு பழமாவது மூன்று கட்டங்களில் நடக்கிறது. முதல் கட்டத்தில் அணுக்கள் பிரிந்து பிரிந்து எண்ணிக்கையில் பெருகுகின்றன. பழம் கடைசியில் எவ்வளவு பெரிதாகலாம் என்பது பெரும்பாலும் இப்போதே தீர்மானமாகிவிடுகிறது. இரண்டாம் கட்டத்தில் காய் வளராமல் நின்றுவிட்டதுபோல் வெளிக்குத் தோன்றும். உள்ளே கொட்டை கெட்டிப்பட்டு, அதற்குள் பருப்பு உருவாகிக்கொண்டிருக்கும். மூன்றாம் கட்டத்தில், முன்பு பெருகிய அணுக்கள் ஒவ்வொன்றும் நீரையும் சர்க்கரையையும் வாங்கி உப்புகின்றன. அறுவடைக்கு முந்திய சில வாரங்களில் பழம் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போவது இதனால்தான். அந்தச் சர்க்கரை முழுவதும் இலைகளிலிருந்து வருவது. வெயில் படும் மேற்கிளைப் பழத்துக்கு அதிகமும், நிழலில் மறைந்த உட்கிளைப் பழத்துக்குக் குறைவுமாகக் கிடைக்கிறது. பூத்த நாளின் வித்தியாசத்தோடு இடத்தின் வித்தியாசமும் சேர்ந்து ஒரே மரத்தில் மூன்று பருவத்தை நிறுத்திவைக்கின்றன.

இனி, பழுத்தல் என்னும் காரியத்தைச் சற்று விரிவாகக் கவனிக்க வேண்டும். ஏனெனில் பறிக்கும் நேரம், வைக்கும் இடம், சமைக்கும் முறை ஆகிய அனைத்தும் இதையே ஆதாரமாகக் கொண்டவை. மரத்திலிருந்து பறித்த பின்னும் பழத்துக்கு உயிர் போவதில்லை. அது பிராணவாயுவை உட்கொண்டு, தன்னிடமுள்ள சர்க்கரையையும் அமிலத்தையும் எரித்து, கரியமிலவாயுவையும் வெப்பத்தையும் வெளியிட்டபடியே இருக்கிறது. 1920-களில் கேம்பிரிட்ஜில் பிராங்க்ளின் கிட், சிரில் வெஸ்ட் என்ற இருவர் ஆப்பிள் பழங்களின் சுவாசத்தை அளந்து பார்த்தபோது, பழுக்கும் தறுவாயில் அந்தச் சுவாசம் திடீரென உயர்ந்து, உச்சத்தை எட்டி, பின் தணிவதைக் கண்டார்கள். பிளம்ஸிலும் பெரும்பாலான ரகங்கள் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையே. இந்த ஏற்றத்துக்குக் கட்டளையிடுவது எதிலீன் என்ற எளிய வாயு. பழுத்த ஆப்பிள் தானே அவ்வாயுவை உண்டாக்கி வெளிவிடுகிறது என்பதை 1934ல் ரிச்சர்ட் கேன் நிரூபித்தார். ஒரு பழம் விடும் எதிலீன் பக்கத்துப் பழத்தைத் தூண்ட, அது தன் பங்குக்கு மேலும் எதிலீனை விட, கூடை முழுவதும் ஓரிரு நாளில் பழுத்துவிடுகிறது. காயை நெருக்கமாக வைத்து மூடினால் விரைவில் கனியும் என்று நம் வாழைக்காய் வியாபாரிகள் நெடுங்காலமாக அறிந்திருப்பது இந்த உண்மையைத்தான். ஷீரோ போன்ற சில மஞ்சள் ரகங்கள் மட்டும் தாமாக எதிலீனை வெகு சொற்பமாகவே உண்டாக்கும். பறித்த பின் மிக மெதுவாகவே மென்மையடையும். அவற்றோடு ஒரு பழுத்த வாழைப்பழத்தைச் சேர்த்து வைத்தால் அந்தத் தாமதம் நீங்கும்.

வாழைக்கும் பிளம்ஸுக்கும் ஒரு முக்கியமான வேற்றுமை உண்டு. இதை அறியாததால் ஏமாந்தவர்கள் பலர். வாழைக்காய் தன் சதையில் ஏராளமான மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. தாரை வெட்டிப் பழுக்கவைக்கும்போது அந்த மாவுச்சத்தே சர்க்கரையாக மாறி, சப்பென்றிருந்த காயைத் தித்திக்கச் செய்கிறது. மாங்காயிலும் ஓரளவு அப்படியே. பிளம்ஸ் காய் முதிரும்போது அதில் அத்தகைய மாவுச்சத்துச் சேமிப்பு இருப்பதில்லை. காம்பு அறுந்த கணத்தில் எவ்வளவு சர்க்கரை உள்ளே வந்திருந்ததோ, ஏறக்குறைய அவ்வளவுதான் கடைசி வரை. பறித்த பின் அது சிவக்கும், மென்மையாகும், மணம் பெறும். அதன் முக்கியப் புளிப்பான மாலிக் அமிலம் சுவாசத்தில் செலவாகிக் குறைவதால் நாவுக்கு இனிப்புக் கூடியதுபோலவும் தோன்றும். உண்மையில் இனிப்பு வளர்வதில்லை. ஆகவே தின்பதற்கான பழத்தை மரத்திலேயே கூடியமட்டும் விட்டுவைக்க வேண்டும். ஜாமுக்கும் தொக்குக்கும் வேண்டியதை முன்னதாகவே எடுத்துவிடலாம்.

பறிக்கும் பக்குவத்தை மேல்தோலின் சிவப்பைக் கொண்டு நிர்ணயிப்பது சரியாகாது. அந்தோசயனின் என்ற செந்நிறப் பொருள் வெயில் பட்ட பக்கத்தில் முன்னதாகவே கூடிவிடும். ஒரு கன்னம் ரத்தச் சிவப்பாக இருக்கும் காயைத் திருப்பிப் பார்த்தால் மறுபக்கம் பச்சையாக இருப்பது சகஜம். நிழல் பக்கத்தின் அடிநிறத்தைக் கவனிக்க வேண்டும். அது பச்சையாக இருந்தால் காய். வெளிறி மஞ்சளாகத் திரும்பியிருந்தால் செங்காய். அத்துடன் காம்புக்கு எதிர்முனையைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி, அது இலேசாக இடம் கொடுத்தால் கனி என்று கொள்ளலாம். பழத்தைக் கையில் ஏந்தி, மேல்நோக்கித் தூக்கிச் சற்றே திருப்பினால், பக்குவமானது காம்போடு கழன்று வரும். இழுத்துப் பறிக்கும்போது காம்பு பழத்தைவிட்டுப் பிய்ந்து, அந்தப் பள்ளம் பூஞ்சைக்கு வாசலாகிவிடும். தோலின்மேல் சாம்பல் பூத்தது போன்ற ஒரு வெண்படலம் இருக்கிறதே, அதை மருந்துத் தூள் என்று சந்தேகித்து உடனே கழுவித் துடைப்பவர்கள் அநேகர். அது பழம் தானே சுரந்த மெழுகு. நுண்ணிய தகடுகளாகத் தோல்மீது படிந்து ஒளியைச் சிதறடிப்பதால் வெண்மையாகத் தெரிகிறது. உள்ளிருக்கும் நீர் ஆவியாகாமலும், மேலே விழும் பனித்துளி தோலில் ஊறாமலும் காக்கிறது. சேமித்து வைக்கப்போகும் பழத்தின்மேல் அந்தப் படலம் கலையாமல் இருக்கட்டும். தின்னும் சமயத்தில் கழுவினால் போதும். பனி காய்ந்து வெயில் ஏறுவதற்கு முன்பாகப் பறித்து, இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் போகாத தாழ்ந்த கூடையில் பரப்பி, உடனே நிழலுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். உஷ்ணம் பத்து டிகிரி ஏறினால் பழத்தின் சுவாசம் இரண்டு அல்லது மூன்று மடங்காகிறது. வெயிலில் கிடந்த ஒரு முற்பகல், அதன் ஆயுளில் ஒரு முழு நாளைத் தின்றுவிடக்கூடும்.

மரத்தை மூன்று நாலு தவணைகளில் பறித்து, ஒவ்வொரு தவணையையும் காய், செங்காய், கனி என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடிபட்டதையும் ஈ கொத்தியதையும் அன்றே தனியே எடுத்துவிட வேண்டும்; காயம்பட்ட பழம் எதிலீனை அதிகமாக விட்டு மற்றவற்றின் ஆயுளையும் குறைக்கும். செங்காய்களை அறையில் பரப்பி வைத்தால் சில நாட்களில் கனியும். இவற்றைக் குளிர்ப்பெட்டியில் வைப்பதில்தான் தவறு நேர்கிறது. குளிர் எவ்வளவுக்கெவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கவ்வளவு பழம் நிற்கும் என்று நினைப்பது நியாயமாகத் தோன்றினாலும், பிளம்ஸின் விஷயத்தில் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் சுமார் 4 டிகிரியே மிகப் பொல்லாத நிலை. பெரிய பண்டகசாலைகளில் உறையாத அளவுக்குப் பூஜ்யத்தை ஒட்டி வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அதற்கும் 8 டிகிரிக்கும் இடைப்பட்ட குளிரில் இரண்டு மூன்று வாரம் கிடந்த காய், வெளியே பார்க்கக் குறையின்றி இருந்தும், அறுத்தால் கொட்டையைச் சுற்றிப் பழுப்பேறி, சாறு வற்றி, மாவுபோல ருசியற்றுப் போயிருக்கும். முதலில் வெளியே பழுக்க விட்டு, பழுத்ததை மட்டும் குளிர்ப்பெட்டியில் சில நாள் வைத்துத் தின்று தீர்ப்பதே சரியான கிரமம்.

இப்போது அடுப்படிக்கு வருவோம். ஜாம் காய்ச்சுவதில் பிளம்ஸுக்கு இணையான பழங்கள் மிகக் குறைவு. காரணம் அதிலுள்ள பெக்டின். தாவர அணுக்களின் சுவர்களுக்கு நடுவே, செங்கல்லுக்கு இடையில் சுண்ணாம்புச் சாந்துபோல அமைந்து அவற்றைச் சேர்த்துப் பிடிப்பது இந்தப் பொருள். 1825ல் பிரெஞ்சு ரஸாயன அறிஞர் ஆன்ரி பிராகொனோ இதற்குப் பெயரிட்டார். காயில் இது கரையாத உருவில் கெட்டியாக இருக்கிறது. பழுக்கப் பழுக்க, நொதிகள் அதைக் கரையும் உருவுக்கு மாற்றி, பின் துண்டு துண்டாக நறுக்கிவிடுகின்றன. பழம் மென்மையாவது இதனால்தான். நன்றாகக் கனிந்த பழத்தில் மட்டும் காய்ச்சிய ஜாம் எத்தனை நேரம் கிளறினாலும் உறையாமல் பாகாகவே நின்றுவிடுவதும் இதனால்தான். ஆகையால் ஜாமுக்குச் செங்காய் இரண்டு பங்கும், மணத்துக்காகக் கனி ஒரு பங்கும், கொஞ்சம் காயும் கலந்து போடுவது உத்தமம். மரம் எந்த விகிதத்தில் கொடுக்கிறதோ, ஏறக்குறைய அதே விகிதத்தைத்தான் ஜாமும் கேட்கிறது என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியமளிக்கும் விஷயம்.

பெக்டின் மட்டும் இருந்தால் உறையாது. அமிலமும் சர்க்கரையும் தக்க அளவில் கூட வேண்டும். பெக்டின் என்பது நெடிய சங்கிலி; அதன் ஓரங்களில் எதிர்மின்னேற்றம் கொண்ட இடங்கள் இருப்பதால், சங்கிலிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நீரில் மிதக்கின்றன. அமிலம் அந்த ஏற்றத்தை அடக்குகிறது. சீனியோ, சங்கிலிகளைச் சூழ்ந்திருக்கும் நீரைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. இவ்விதம் பகையும் நீங்கி, இடையில் நின்ற நீரும் விலகியபின், சங்கிலிகள் நெருங்கிக் கைகோத்து ஒரு வலையாகின்றன. அந்த வலையில் சிக்கிய பாகுதான் நாம் ரொட்டியில் தடவும் ஜாம். இதற்குச் சர்க்கரை மொத்தத்தில் 65 சதவிகிதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். முதலில் பழத்தைக் கொஞ்சம் தண்ணீர் மட்டும் விட்டு வேகவைத்துத் தோல் குழைந்த பின்னரே சீனியைச் சேர்க்க வேண்டும். ஆரம்பத்திலேயே போட்டால் சீனி பழத்தின் நீரை உறிஞ்சித் தோலை விறைப்பாக்கி, பெக்டின் வெளிவராமல் செய்துவிடும். சீனி போட்ட பிறகு தீயைத் தூண்டி விரைவாக முடிக்க வேண்டும். நீண்ட நேரம் கொதித்தால் அமிலமே பெக்டினைச் சிதைக்கத் தொடங்கும். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். இரும்புச் சட்டியும் ஈயம் பூசாத பித்தளையும் இந்தப் புளிப்பில் கரைந்து, பழத்தின் செந்நிறத்தோடு கூடி, அதை மங்கிய நீலக் கருமையாக்கிவிடும்.

பதம் பார்ப்பதில் மலைவாசிகள் கவனிக்க வேண்டிய ஒரு விசேஷம் உண்டு. சமையல் நூல்கள் ஜாம் 105 டிகிரி சென்டிகிரேடை எட்டியதும் இறக்கு என்கின்றன. கடல் மட்டத்தில் அது சரி. நீர் 100 டிகிரியில் கொதிக்கும் இடத்தில், 65 சதவிகிதத்துக்கு மேல் சர்க்கரை கொண்ட பாகு அதைவிட நாலைந்து டிகிரி கூடுதலாகக் கொதிக்கும். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைந்த அவ்விடத்தில் நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே ஜாமின் பதமும் 97, 98 டிகிரியிலேயே வந்துவிடுகிறது. புத்தகத்தை நம்பி 105 வரை காய்ச்சுகிறவர் கையில் மிஞ்சுவது கரண்டி இறங்காத மிட்டாய். உஷ்ணமானி இல்லாதவர்கள் தராசை நம்பலாம். அது எந்த உயரத்திலும் பொய் சொல்லாது. கொட்டை நீக்கிய பழம் ஒரு கிலோ, சீனி ஒரு கிலோ என்று எடுத்துக்கொண்டால், பழத்தின் சொந்தச் சர்க்கரையையும் கூட்டிக் கணக்கிட்டு, பாத்திரத்தில் உள்ளது சுமார் 1.7 கிலோவாகக் குறைந்ததும் இறக்கிவிடலாம். மரக்கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் சொட்டுச் சொட்டாக விழாமல், இரண்டு மூன்று சொட்டுகள் ஓரத்தில் ஒன்றுசேர்ந்து தகடாக அறுந்து விழுமே, அனுபவசாலிகளுக்கு அந்த ஓர் அடையாளமே போதும்.

கனிந்து குழைந்தவற்றை ஜாமிலிருந்து விலக்கி வைத்தோம். அவை சாற்றுக்கு உரியவை. பெக்டின் நறுங்கிப்போனது அங்கே குறையாக இருந்தது, இங்கே சௌகரியமாகிறது. சாறு எளிதில் பிரிகிறது. கொதிக்கவிடாமல் வெதுவெதுப்புக்கு மேல் சூடாக்கினால் தோலணுக்கள் உடைந்து, அங்கே அடைபட்டிருந்த செந்நிறம் முழுவதும் சாற்றில் இறங்கும். அதை வடிகட்டி, சீனிப்பாகு சேர்த்து ஸ்குவாஷாக வைத்துக்கொள்ளலாம். நம் நாட்டில் ஸ்குவாஷ் என்ற பெயருக்குக் குறைந்தது 25 சதவிகிதம் பழச்சாறும், 40 சதவிகிதம் கரைந்த திடப்பொருளும் இருக்க வேண்டுமென்பது நெடுநாளைய பிரமாணம். அவ்வளவு சர்க்கரை மட்டும் ஈஸ்டைத் தடுக்கப் போதாது. ஆகையால் ஒரு காப்புப் பொருள் தேவைப்படுகிறது. எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் போடும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டைப் பழக்கதோஷத்தால் இதற்கும் போட்டால், அதிலிருந்து வெளிப்படும் கந்தக ஈராக்சைடு அந்தோசயனினோடு கூடி, மாணிக்க நிறத்தை வெளிறச் செய்துவிடும். பிளம்ஸுக்குச் சோடியம் பென்சோவேட்டே ஏற்றது. அதுவும் விதிகள் அனுமதிக்கும் சிறு அளவுக்கு மேற்படாமல். அமிலம் மிகுந்த இடத்தில்தான் பென்சோவேட் நுண்ணுயிர்களின் உள்ளே புகுந்து வேலை செய்யும். பிளம்ஸின் புளிப்பு அதற்கு வேண்டிய துணையைத் தானே அளித்துவிடுகிறது.

பச்சைக் காய்களுக்குத் தொக்கைவிடச் சிறந்த இடமில்லை. மாங்காய்த் தொக்குப் போடத் தெரிந்த எவரும் இதைப் போடலாம்: கொட்டை நீக்கிப் பொடியாக நறுக்கி, நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, மஞ்சளும் உப்பும் மிளகாய்ப்பொடியும் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை வதக்கி, வறுத்துப் பொடித்த வெந்தயத்தையும் பெருங்காயத்தையும் கடைசியில் தூவ வேண்டியதுதான். மாங்காயைப் போல நார் இல்லாததால் விரைவில் குழைந்துவிடும். தோலின் புளிப்பு அதிகமாதலால் ஒரு துண்டு வெல்லம் கேட்கும். இயற்கையான அமிலமும் உப்பும் நுண்ணுயிர்களை அடக்க, மேலே நிற்கும் எண்ணெய் காற்றைத் தடுக்க, ஈரக் கரண்டி படாமல் பார்த்துக்கொண்டால் மாதக்கணக்கில் நிற்கும்.

உலர்த்துவதைப் பற்றிப் பலர் கேட்பதால் ஒன்று சொல்ல வேண்டும். பிரான்ஸில் ஆஜன் வட்டாரத்திலும், லூயி பெலியே என்பவர் 1856ல் அங்கிருந்து ஒட்டுக்குச்சிகளைத் தருவித்து நட்ட கலிபோர்னியாவிலும் கொட்டையோடு முழுப்பழமாகவே உலர்த்தி ஆல்பக்கோடா செய்கிறார்கள். அது டொமஸ்டிகாவின் தனிச்சலுகை. அதில் சர்க்கரை அவ்வளவு மிகுதியாகவும் நீர் அவ்வளவு குறைவாகவும் இருப்பதால், காய்ந்து முடியும்வரை உள்ளே நொதிப்பு ஏற்படுவதில்லை. அதிலுள்ள சார்பிட்டால் என்ற சர்க்கரைச் சாராயமே மலச்சிக்கலுக்கு அது மருந்தாவதற்கும் ஒரு முக்கியக் காரணம். நம் மலைப் பிளம்ஸில் எண்பத்தைந்து சதவிகிதத்துக்கு மேல் நீர். முழுதாக வைத்தால் காய்வதற்குள் புளித்துவிடும். இரண்டாகப் பிளந்து, கொட்டையை எடுத்து, அறுத்த முகம் மேலே தெரியும்படி தட்டில் பரப்ப வேண்டும். அதையும் மலையிலேயே செய்ய முயல்வது, கோடை மழையும் பிற்பகல் மூடுபனியும் வரும் வைகாசியில், பெரும்பாலும் பூஞ்சையில்தான் முடியும். கீழே வத்தலக்குண்டிலோ மேட்டுப்பாளையத்திலோ உறவினர் வீட்டு மொட்டைமாடி கிடைத்தால், அக்கினி நட்சத்திரத்து வெயில் சில நாளில் அந்த வேலையை முடித்துக் கொடுத்துவிடும். மேலே மெல்லிய வேட்டித் துணியைக் கட்டி ஈ அண்டாமல் காத்தால் போதும்.

எல்லாவற்றிலும் மிஞ்சுவது கொட்டை. இதில் ஓர் எச்சரிக்கை அவசியம். பருப்புக்குள் அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது. முழுதாக இருக்கும்வரை அதனால் தீங்கில்லை. குழந்தை தவறி ஒரு கொட்டையை விழுங்கிவிட்டால், அது தொண்டையில் அடைக்காதவரை விஷத்தை எண்ணிப் பயப்பட வேண்டியதுமில்லை. ஆனால் பருப்பு நொறுங்கி ஈரம் பட்டவுடன், அதுவரை தனியே அடைபட்டிருந்த ஒரு நொதி அமிக்டலினைப் பிளந்து, வாதுமை மணமுள்ள பென்சால்டிஹைடையும் ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய விஷத்தையும் வெளியிடுகிறது. கூழ் எடுக்கும் அவசரத்தில் கொட்டையோடு மிக்ஸியில் போட்டு அரைப்பதும், பாதாமைப் போல மணக்கிறதே என்று பருப்பை உடைத்துத் தின்னக் கொடுப்பதும் அறவே கூடாத காரியங்கள்.

பழம் ஓய்ந்த மரத்தை மறந்துவிடுவது நம்மிடையே பரவியிருக்கும் வழக்கம். மரத்தின் கணக்கிலோ அடுத்த வருஷம் அப்போதே தொடங்கிவிடுகிறது. வருகிற தை, மாசியில் பூக்கவேண்டிய மொட்டுகள், இந்த வருஷப் பழம் கிளையில் தொங்கும் கோடையிலும் அதற்கடுத்த மாதங்களிலும் உருவாகின்றன. கிளையில் காய்ப்பாரம் மிகுந்தால், வளரும் விதைகளிலிருந்து வரும் கிப்பெரெல்லின் என்ற வளர்ச்சிப் பொருள் அந்த மொட்டுகள் பூமொட்டாவதைத் தடுக்கிறது. இலைகள் சமைத்த ஆகாரமும் பழத்துக்கே போய்விடுகிறது. ஒரு வருஷம் கிளை முறியக் காய்த்து மறு வருஷம் பேருக்குப் பத்துப் பழம் கொடுக்கும் மரங்களின் கதை இதுதான். பறித்து முடிந்ததும் தொழு உரம் வைத்து, இலைகள் தாமாக உதிரும்வரை பூச்சியரிக்காமல் காத்து, கிளையிலேயே சுருங்கி ஒட்டிக்கொண்டிருக்கும் அழுகிய பழங்களையும் தரையில் கிடப்பவற்றையும் ஒன்றுவிடாமல் பொறுக்கி, முழங்கை ஆழத்துக்குக் குறையாமல் குழி வெட்டிப் புதைத்துவிட வேண்டும். பழ ஈயின் புழு உதிர்ந்த பழத்திலிருந்து இறங்கி மரத்தடி மண்ணிலேதான் கூட்டுப்புழுவாகிறது. பின்னர் அடுத்த பங்குனியில், கொட்டை கெட்டிப்படுவதற்கு முன்னமே, கொத்தாகப் பிடித்திருக்கும் பிஞ்சுகளில் அரைச் சாண் இடைவெளிக்கு ஒன்றை நிறுத்தி மற்றவற்றைக் கிள்ளிவிடலாம். கிள்ள மனம் வராது; ஆனால் அணுக்கள் பெருகும் அந்தக் கட்டத்தில் நீக்கினால்தான் எஞ்சிய பிஞ்சுகள் பருக்கும், கிளையும் முறியாது, அதற்கு மறு வருஷத்துப் பூவுக்கும் மரத்தில் சக்தி மிஞ்சும்.